பஸ் வருகிற கல்லூரி

எந்தக் கல்லூரியில் படித்தாய், எப்படி இடம் கிடைத்தது என்று யாராவது கேட்டால், மார்க் வாங்கினேன், கிடைத்தது என்று சொல்லிவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் என்னைவிட ஒன்றரை மார்க் அதிகம் வாங்கிய ஒருத்தி பள்ளியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தக் கல்லூரி கிடைக்கவில்லை. அவள் அதைக் கேட்கவே இல்லை என்பதுதான் சரி. ஏன் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் பதில் முழுதாகும். இத்தனை வருஷமும் அந்தப் பாதியை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருத்தணியில் பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி எங்களுடையது. அரசு உதவி பெறும் பள்ளி என்பதால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு எங்களுக்குக் கிடையாது. எல்லோரும் பொது வரிசையில்தான் நிற்க வேண்டும். நான் பள்ளிக்கு நடந்தே போவேன், பத்து நிமிஷம். அவள் ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டில் இரண்டு விசைத்தறிகள். அவளுடைய நைனாவும் அம்மாவும் ஆளுக்கொன்றில் நிற்பார்கள். பள்ளிக்குக் கிளம்புமுன் தறி நாடாவுக்கு வேண்டிய நூலைக் கட்டைகளில் சுற்றி வைத்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறுவாள். அதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். மாலையில் திரும்பிப் போய் மறுபடியும் சுற்றுவாள். நடுவில் கணக்குப் போடுவது பஸ்ஸில். பஸ் குலுங்கினதில் கோணலாகப் போன கோடுகளோடு அவள் நோட்டு வரும், விடை மட்டும் கோணாது. பரீட்சை ஹாலில் ஒருமுறை என்னிடம், "சத்தமே இல்லாம இருந்தா எனக்கு தூக்கம் வருதுடி" என்றாள். தறிச் சத்தத்தில் படித்துப் பழகியவள்.

எங்கள் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். நாம் ஒன்றும் பணக்காரர்கள் இல்லை என்று அம்மா ஒரு நாளைக்கு மூன்று முறையாவது சொல்வாள், குறிப்பாக நான் ஏதாவது கேட்கும்போது. நானும் அதை நம்பியிருந்தேன். என் தோழியும் நானும் ஒரே மாதிரி வீட்டுப் பெண்கள் என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறை இருந்தது, சென்னையில் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் சித்தப்பா இருந்தார். எது தெரியாவிட்டாலும் யாரைக் கேட்பது என்று தெரியும். அதையெல்லாம் யாரும் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தபோது, கட்-ஆஃப்பில் அவள் பள்ளியிலேயே முதல். நான் இரண்டாவது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். என் அழுகையில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கான சான்றிதழுக்காக அவளும் நைனாவும் திருத்தணிக்கு வந்தார்கள். என்னென்ன காகிதம் வேண்டும் என்று அப்பாதான் பொறுமையாகச் சொன்னார், இ-சேவை மையம் வரைக்கும் கூடவே போய்ப் பதிவு செய்து கொடுத்தார், மத்தியானம் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பிட வைத்தார். அப்பா கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அடுத்து வருவதைப் படித்துவிட்டு அவரை யாரும் திட்ட வேண்டாம். அன்று நைனா அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஒருத்தர் ஆபீசுல இருந்தா எங்கள மாதிரி ஜனங்க இன்னாத்துக்குங்க பயப்படணும்" என்றார். எங்கள் வீட்டில் அப்பா, அவர்கள் வீட்டில் நைனா. கேட்டுக் கேட்டு நானும் அவரை நைனா என்றே கூப்பிடுவேன்.

கலந்தாய்வு நெருங்கியதும் சித்தப்பா சென்னையிலிருந்து வந்தார். ஒரு நோட்டில், எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம், போன வருஷம் எந்த மார்க்கோடு இடம் முடிந்தது என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கலந்தாய்வு எப்படி நடக்கிறது என்றும் விளக்கினார். இணையதளத்தில் நமக்கு வேண்டிய கல்லூரிகளை விருப்பப்படி வரிசையாக எழுத வேண்டும். நம் முறை வரும்போது மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் கிடைக்காது என்று தோன்றினாலும் பெரிய கல்லூரியைத்தான் மேலே போட வேண்டும். கிடைக்காவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை, அடுத்தது கிடைக்கும். கீழே போட வேண்டியதை மேலே போட்டுவிட்டால்தான் ஆபத்து. அதுவே கிடைத்துவிடும், அப்புறம் மேலே போக வழியில்லை.

நோட்டில் முதல் வரி சென்னையில் ஓர் அரசுக் கல்லூரி. அதற்குப் பக்கத்தில், "கிடைத்தால் கிடைக்கும்" என்று சித்தப்பா எழுதியிருந்தார். அதாவது எனக்கு மேலே இருக்கும் சிலர் அதைப் போடாமல் விட்டால் எனக்கு வரும். அப்பா நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "இத்த யாருக்கும் காட்டாத. நம்ம வீட்டோட இருக்கட்டும்" என்றார். பெரிய ரகசியம் போல இல்லை, பீரோ சாவி கொடுக்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

விருப்பங்களைப் பதிய மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். கடைசி நாள் ஆடிக் கிருத்திகையில் வந்து விழுந்தது. அன்றைக்குத் திருத்தணி எங்கள் ஊராக இருக்காது. ஆந்திராவிலிருந்தும் வேலூர்ப் பக்கமிருந்தும் வந்த காவடிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அவளும் நைனாவும் அங்கிருந்து மஞ்சள் சட்டைக் கூட்டத்தில் இடிபட்டு நடந்து, வியர்த்து வழிய எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மணி பன்னிரண்டு இருக்கும். மாலையோடு இணையதளம் மூடிவிடும்.

"நெட்டு சென்டர்ல கால் வைக்க எடமில்லடி. உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"இதுக்கு இன்னா கேள்வி? உள்ள வா. அண்ணா, நீங்க ஃபேனாண்ட உக்காருங்க, மோர் கொண்டாறேன்" என்றாள் அம்மா.

நைனா ஹாலில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் என் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். நான் முந்தின நாளே என் வரிசையைப் பதிந்து முடித்திருந்தேன். நோட்டு அந்த மேஜையின் டிராயரில் இருந்தது. என் முழங்கால் அந்த டிராயரில் இடித்துக்கொண்டிருந்தது.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு தனியார் கல்லூரியை முதலில் எழுதியிருந்தாள். "இதோட பஸ்சு எங்க தெரு முனைக்கே வருது" என்றாள். இரண்டாவது, அரக்கோணம் பக்கம் ஒன்று. அதற்கும் பஸ் வரும். மூன்றாவதுக்கும் வரும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் தறி வீடுகளில் கல்லூரியை அப்படித்தான் பார்ப்பார்கள். எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டால், எதுக்கு பஸ் வருது என்று திருப்பிக் கேட்பார்கள். பெண் தெரு முனையில் ஏறுகிறாள், தெரு முனையில் இறங்குகிறாள், நாலு பேர் பார்க்கிறார்கள், ஒருத்தர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. காலையில் சுற்ற வேண்டிய தாரையும் சுற்றிவிட்டுப் போகலாம். கட்டடமும் பாடமும் எப்படி இருக்கும் என்று பார்த்துச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை. ஆனால் பஸ் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், தினமும் பார்க்கிறார்கள். தெரிந்ததை வைத்துத்தானே எவரும் முடிவு செய்ய முடியும்.

"சென்னைல எதுவும் போடலியா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் போடவில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தானோ என்னவோ.

"போடலாம்னுதான் இருந்தேன். பெரிய காலேஜ மொதல்ல போட்டு அது கெடைக்கலன்னா, கீழ போட்டதும் கைவிட்டு பூடும்னு எங்க தெருவுல ஒரு அண்ணன் சொன்னாரு. அப்டியாடி?"

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னால் சித்தப்பா அதை எனக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தார். டிராயரைத் திறந்தால் போதும், வாயைத் திறந்தால்கூடப் போதும்.

"தெரியலடி" என்றேன். அதோடும் நிறுத்தவில்லை. "நைனா சொல்ற மாதிரியே போடு. நல்லாதான் இருக்குது" என்றேன்.

அவள் ஒவ்வொன்றாகப் பதிந்தாள். தப்பு வந்துவிடப் போகிறது என்று கல்லூரி எண்ணை நானே அருகில் இருந்து சரிபார்த்துக் கொடுத்தேன். வெளியே மேளமும் அரோகராவும் கேட்டுக்கொண்டே இருந்தன. முடித்து வெளியே வந்ததும் நைனா எழுந்து நின்று, "நல்லபடியா ஆச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்று நான்தான் சொன்னேன்.

முடிவு வந்த அன்று அவளுக்கு முதல் விருப்பமே கிடைத்திருந்தது. அவர்கள் தெருவில் இனிப்பு கொடுத்தார்களாம். எனக்கும் முதல் விருப்பமே கிடைத்தது. பட்டியலைப் பார்த்தேன், இட ஒதுக்கீட்டில் எங்கள் பிரிவுக்கு அந்தப் பாடத்தில் அது கடைசி இடம். அவளுக்கும் எனக்கும் ஒரே பிரிவுதான். அவள் அந்தக் கல்லூரியை எழுதியிருந்தால் நான் என் இரண்டாவது விருப்பத்துக்குப் போயிருப்பேன். அது ஒன்றும் பெரிய துக்கமில்லை, அதுவும் சென்னையில் நல்ல கல்லூரிதான். இவ்வளவுக்குத்தான் அப்படிச் செய்தேன் என்று நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அப்போது ஆத்திரம் வரவில்லை. எனக்குக் கைவசம் ஒரு சமாதானம் இருந்தது. நான் சொல்லியிருந்தாலும் நைனா அவளைச் சென்னைக்கு அனுப்பியிருக்க மாட்டார். தறி வீடு, பொம்பளைப் பிள்ளை, ஹாஸ்டல் என்றாலே பயப்படுவார்கள். ஆகவே நான் சொல்லாததால் எதுவும் மாறிவிடவில்லை. இதை வைத்துக்கொண்டு ஐந்தாறு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

சென்னையில் நான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன், பாடத்தில் இல்லாதது. ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவர்கள் நகரத்துப் பெண்கள். "திருத்தணியா? மொட்டை போடற ஊர்தானே?" என்று சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மூன்றாம் வருஷம் விடுமுறையில் எல்லோரும் பெரிய நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். நான் மட்டும் ஊருக்கு ரயில் ஏறினேன். அந்தப் பயிற்சிக்குக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே தயாராக வேண்டும், யாருக்கு எப்போது எழுத வேண்டும் என்று ஒரு முறை உண்டு என்பது எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் மாமாவோ அக்காவோ சொல்லியிருந்தார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒருத்தியிடம் கோபமாகவே கேட்டேன். "நீ கேக்கலியே" என்றாள். மறைத்துவிட்டாளே என்று இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள்தான் என் டிராயர் ஞாபகம் வந்தது. என்னிடம் ஒருத்தி கேட்கவும் கேட்டாளே.

படித்து முடித்ததும் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அவளும் நல்ல மார்க்கோடுதான் முடித்தாள். ப்ரோகிராம் எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. எங்கள் நிறுவனத்துக்கு அவள் பெயரைச் சிபாரிசு செய்யலாம் என்று ஒரு நாள் படிவத்தைத் திறந்தேன். கல்லூரியின் பெயரை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லை. மேலிருந்து கீழே மூன்று முறை தேடினேன். படிவத்தை மூடிவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை. அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். கம்பெனி பஸ் வந்து கூட்டிக்கொண்டு போகிறது.

போன வருஷம் அவள் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அக்கா அளவுக்கே மார்க். "ஞாயித்துக்கிழம ஊருக்கு வரியாடி? நைனா உன்ன பாக்கணும்னு சொல்லிகினே கீறாரு" என்று போன் செய்தாள். திருத்தணியில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போனேன். தெருவுக்குள் நுழையும்போதே இருபுறமும் தறிகள் ஓடும் சத்தம். நைனா என்னைப் பார்த்ததும் தன் தறியை நிறுத்திவிட்டு வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. தங்கை டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள்.

தங்கையின் வரிசையை அவள் ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தாள். போனில் காட்டினாள். முதலில் நான் படித்த கல்லூரி. அதன் கீழே எல்லாம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தன. சித்தப்பாவே போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பார். இந்த மூன்று வருஷமாகத் தெருவில் பன்னிரண்டாவது முடிக்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் போட்டுக் கொடுக்கிறாளாம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நைனாவுக்கு வேண்டியது வேறு. "நீதான்மா அங்க ஹாஸ்டல்ல இருந்த பொண்ணு. உன்ன கேட்டா தெரியும்னு வர சொன்னேன்" என்றார். ராத்திரி கேட்டை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், சாப்பாடு எப்படி, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், ஆம்பளைப் பசங்க ஹாஸ்டல் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான் நைனா."

"பெரியவளுக்கும் இது கெடச்சிருக்கும்னு இப்பதான் சொல்றா. அன்னிக்கே யாராவது ஒருத்தர் இத்தலாம் சொல்லிருந்தா நானே பொட்டிய தூக்கினு போய் உட்டுட்டு வந்திருப்பேன். எனுக்கு இன்னா தெரியும்? பஸ்சு தெரிஞ்சுது, பஸ்ச சொன்னேன்."

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமும் அனுப்பமாட்டார், அனுப்பமாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், பத்து நிமிஷப் பேச்சில் அனுப்பச் சம்மதித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்தது எதுவும் உண்மையில்லை. எனக்கு அது தேவைப்பட்டது, அதனால் நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு தெரியும் நைனா" என்றேன். "ஆடிக் கிருத்திகை அன்னிக்கு எங்க வீட்ல இவ என்கிட்ட கேட்டா. பெரிய காலேஜ மேல போட்டா ஒண்ணும் போவாதுன்னு எனக்கு தெரிஞ்சிருந்தது. தெரியலன்னு சொல்லிட்டேன்."

தங்கை என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நான் மறைத்ததை எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"உங்கப்பா சொல்ல வேணான்னாராம்மா?" என்று நைனா மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். "இல்ல நைனா. இவ கேட்டது என்கிட்டதான். சொல்லாததும் நான்தான்."

"ஆங்" என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து, படிந்திருந்த பஞ்சை உதறினார். பிறகு, "சின்ன புள்ளைங்க நீங்க, அப்ப இன்னா தெரியும். உடு" என்றார். "இப்ப வந்துட்ட இல்ல. சின்னவளுது எல்லாம் சரியா கீதான்னு நீ ஒரு வாட்டி பாத்து சொல்லிடும்மா. அப்புறம் மாத்த முடியாதாமே." பெரியவள் கையிலிருந்த போனை வாங்கி என் பக்கம் நீட்டினார்.

நான் கையை நீட்டினேன்.

"வேணாம் நைனா. நான் பாத்துட்டேன்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, தறியை நிறுத்து என்று சொல்வது போலத்தான் சொன்னாள். போனை அவர் கையிலிருந்து எடுத்துத் தங்கையிடம் கொடுத்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.